ஒரு நாள் பொறு என்று கேட்டேன்

இன்று காலை சுகாதாரத் துறையின் ஆசா பணியாளர் வந்து எங்கள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கலந்துவிட்டுப் போனார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருவார். வாளித் தண்ணீரில் தூளைக் கொட்டிக் குச்சியால் கலக்கி, கசடு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார். போகும்போது வாசலில் நின்று, "ஊட்டுல ஆருக்காச்சும் பனி இருக்குதுங்களா?" என்று கேட்டார். காய்ச்சலுக்கு இங்கே பனி என்றுதான் பெயர். இல்லை என்றேன்.

நெடி அறைக்குள் வரை வந்தது. ஜன்னலைச் சாத்தினேன்; போகவில்லை. மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. மூன்று மழைக்காலத்துக்கு முன்பு நீ நிவாரண கேம்பிலிருந்து தொலைபேசியில் சொன்னாய்: "கேம்பு முழுக்க பிளீச்சிங் பவுடர் வாட, புள்ள. சோத்துலயும் அதுதான் மணக்கு." நான் சிரித்துவைத்தேன். அன்று எனக்கு வேறொரு பயம் இருந்தது. உன் சோற்றைப் பற்றி நினைக்க அதில் இடமில்லை.

நாம் பார்த்துக்கொண்டிருந்த கணினி நிரல் என்ன செய்கிறது என்று அப்பாவுக்கு விளக்க நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு மலைப்பிரதேசம் முழுவதற்கும் மழைக்கணக்குப் போட வேண்டும் என்றால் ஒரு கணினியால் ஆகாது. வரைபடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு ஆளுக்கொரு கட்டம் கொடுப்பார்கள். ஆனால் மழை கட்டம் பார்த்துப் பெய்யாது. பக்கத்துக் கட்டத்தின் ஓரத்தில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு படியிலும் தெரிய வேண்டும். அந்த ஓரத்துத் தகவலை வாங்கி, உரியவரிடம் சேர்ப்பது நம் நிரலின் வேலை. அப்பா நெல் விளைவித்தவர். கேட்டுவிட்டு, "அப்ப நீ வரப்புக்காரின்னு சொல்லு" என்றார். அதை உன்னிடம் சொன்னபோது நீ ஒரு மாதம் உன் மடல்களின் அடியில் 'வரப்புக்காரி' என்றுதான் கையெழுத்திட்டாய்.

அந்த நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். தொடங்கியவர்கள் எங்கோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். கடைசியில் வந்த திருத்தங்களைப் பார்த்துச் சேர்ப்பதற்கு நீயும் நானும்தான் மிஞ்சினோம். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் கணினி அறையில் கேட் பாஸ் அச்சடித்துக்கொண்டிருந்தேன். நீ உங்கள் தேயிலை எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் அறை பதிவு செய்யும் மேசையில் உட்கார்ந்திருந்தாய். அம்மாவின் முழங்கால் மோசமானதும் கொச்சி வேலையை விட்டுவிட்டு எஸ்டேட் தொழிலாளர் லயத்துக்கே திரும்பி வந்தவள் நீ. உலகத்தின் பெரிய கணினிகளில் ஓடும் நிரலை வைத்திருந்த நாம் இருவரும் அப்படி ஒரு கணினியைக் கண்ணால் பார்த்ததில்லை.

இரண்டு ஆண்டுகள் நமக்குள் ஆங்கிலம்தான். உன் பெயரை வைத்து உன்னை யாரோ வடக்கே இருப்பவள் என்று எண்ணியிருந்தேன். ஒருநாள் நீ சோதனைக்காக எழுதிய கோப்பில் கட்டங்களுக்கு ஊர்ப் பெயர் வைத்திருந்தாய்: மறையூர், சின்னார், உடுமலை. நான் தயங்கித் தயங்கி உனக்குத் தனியாக ஒரு வரி எழுதினேன், அந்தப் பக்கமா என்று, என் தொலைபேசி எண்ணோடு. பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

"நீங்க எந்த ஊரு?"

"கொல்லங்கோடுங்க."

"அடப்பாவமே. இத்தன நாளா ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பீட்டர் விட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

அன்று ஒரு மணி நேரம் பேசினோம். நிரலைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை.

நீ ஒரே ஒரு முறை இங்கே வந்தாய். கோடைக்காலம். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று மூன்று பேருந்து மாறி கோபாலபுரம் செக்போஸ்ட்டில் இறங்கினாய். நான் ஸ்கூட்டியோடு நின்றேன். ஒரு பையில் தேயிலைத் தூள், இன்னொன்றில் மறையூர் வெல்லம். வரும் வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் 'ங்க'வைக் கிண்டல் செய்தாய். கொல்லங்கோட்டில் வயலுக்கு அப்பால் மலைச்சுவர் தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "இங்கேருந்து பாத்தா மல எவ்வளவு சாதுவா நிக்கு" என்றாய். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. உங்கள் லயத்துக்குப் பின்னால் நிற்கும் சரிவை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த இரண்டு நாளில் ஒரு பிற்பகல், மடிக்கணினியிலிருந்து தலை தூக்காமலே கேட்டாய்: நாம் எழுதுவதை யார் யார் ஓட்டுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது என்றேன். எடுத்துக்கொள்பவர்கள் நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை. அதுதானே இதன் சிறப்பு என்று பெருமையாகவே சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "அதுதான் எனக்குப் பயம்" என்றாய். உனக்குப் பயம் உண்டு என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. உடனே பேச்சை மாற்றி அம்மாவுக்குப் புளி எங்கே வாங்கலாம் என்று கேட்டாய்.

மூன்று மாதம் கழித்து நான் அந்த மாற்றத்தைச் செய்தேன்.

நிரலில் ஒரு வரி இருந்தது. எல்லாக் கணினிகளும் தங்கள் ஓரத் தகவலை அனுப்பி முடிக்கும்வரை யாரும் அடுத்த படிக்குப் போகக்கூடாது என்று காக்க வைக்கும் வரி. அந்தக் காத்திருப்பால் வேகம் குறைகிறது என்று எனக்குத் தோன்றியது. அதற்கு மேலே இருந்த இன்னொரு ஏற்பாடே போதும் என்று நம்பி அதை எடுத்துவிட்டேன். நீ பார்த்துவிட்டு, இது இல்லாமல் முடியுமா, நிச்சயம்தானா என்று கேட்டாய். நிச்சயம் என்று எழுதினேன். நம் கையிலிருந்த சின்னக் கணினிகளில் எட்டாகப் பிரித்தும் பதினாறாகப் பிரித்தும் ஓட்டிப் பார்த்தாய். சரியாகவே வந்தது. சேர்த்துக்கொண்டாய். வேகம் கூடியதற்கு நாலைந்து பேர் பாராட்டி எழுதினார்கள். அந்தப் பாராட்டை என் வேலை விண்ணப்பத்தில்கூட வைத்தேன்.

பதினொரு மாதம் கழித்து ஓர் ஆராய்ச்சியாளரிடமிருந்து அந்த மடல் வந்தது. ஒரே மழைக்கணக்கை இரண்டு முறை போட்டால் இரண்டு விடை வருகிறது. வித்தியாசம் கட்டங்களின் ஓரத்தில் மட்டும் தெரிகிறது. தம் பக்கத் தவறாகவும் இருக்கலாம், பார்க்க முடியுமா என்று மிகப் பணிவாகக் கேட்டிருந்தார். தொழிற்சாலை உணவுக்கூடத்தில் கைபேசியில் படித்தேன். சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. காரணம் என்ன என்று பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரிய அளவில் பிரிக்கும்போதுதான் அது நடந்தது. ஒரு கணினி சற்றுப் பிந்தினால், பக்கத்துக் கணினி புதிய தகவலுக்குக் காத்திராமல் பழையதை வைத்துக் கணக்குப் போட்டது. கட்டத்தின் நடுவில் இப்போதைய மழை. ஓரத்தில் கொஞ்சம் முந்தைய மழை. நிரல் நிற்காது. எச்சரிக்கை எதுவும் வராது. விடை பார்ப்பதற்கு நல்ல விடை போலவே இருக்கும். ஆயிரத்தில் ஒருவர்கூடச் சந்தேகப்பட மாட்டார். பதினொரு மாதம் யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த வாரம்தான் உங்கள் பக்கம் விடாமல் கொட்டியது. கைபேசியில் முதலில் ஆரஞ்சு அலர்ட்டும் பிறகு ரெட் அலர்ட்டும் வந்தன. சரிவில் வெடிப்புக் கண்டிருக்கிறது என்று வில்லேஜ் ஆபீசர் வந்து லயத்தைக் காலி செய்யச் சொன்னார். நீயும் அம்மாவும் எஸ்டேட் பள்ளிக்கூட கேம்புக்குப் போனீர்கள். வகுப்பறைக்குப் பத்துக் குடும்பம். மேல்மாடி வராந்தாவின் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் வரும் என்றாய். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மடிக்கணினிக்கு மின்சாரம்.

அன்று இரவு நான் கூப்பிட்டபோது ஒன்பது மணி இருக்கும். நீ எல்லாவற்றையும் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தாய். என்னைத் திட்டுவாய் என்று பயந்தேன். நீ திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"இப்பவே எல்லாருக்கும் சொல்லிறணும்" என்றாய்.

"சரி பண்ணிப்போட்டு அப்பறஞ் சொல்லிக்கலாமே. ஒரு நா பொறு. ஒரே நா."

"சரி பண்ண எத்தன நாளாகும்?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

"இத வச்சு யாரு எந்த ஆத்துக்குக் கணக்குப் போடுதாங்கன்னு உனக்குந் தெரியாது எனக்குந் தெரியாது. நமக்குத் தெரிஞ்சு போச்சுல்ல. இனிமே தெரியாதவங்க மாதிரி இருக்க முடியாது புள்ள."

அப்போதுதான் நான் சொன்னேன். பத்து நாளில் எனக்கு நேர்காணல் இருக்கிறது. பெங்களூருவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். பெரிய கணினிகளோடு வேலை. இந்த நிரலைக் காட்டித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த மாற்றத்தின் மேல் என் பெயர் இருக்கிறது. இப்போது அறிவித்தால், கேட் பாஸ் அச்சடித்தே என் காலம் போய்விடும். இதையெல்லாம் அழுதுகொண்டு சொன்னேன். உன் பக்கம் மழைச்சத்தம் கேட்டது. பின்னால் யாரோ குழந்தையை அதட்டினார்கள். கடைசியில், "சரி, அழாத. வெளிச்சம் வரட்டும். காலைல பாப்போம்" என்றாய். ஒரு நாள் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அறிவிப்பு வந்துவிட்டது. ஆறே வரி. எங்கள் நிரலில் தவறு இருக்கிறது, இந்த வெளியீட்டிலிருந்து இருக்கிறது, இன்னும் சரிசெய்யவில்லை, பெரிய அளவில் ஓட்டியவர்கள் தங்கள் விடையை நம்ப வேண்டாம், பழைய வெளியீட்டுக்குத் திரும்பிப் போங்கள், தவறு எங்களுடையது, மன்னியுங்கள். யார் செய்த மாற்றம் என்று நீ எழுதவில்லை. 'நாங்கள்' என்றே எழுதியிருந்தாய். அன்று அது என் கண்ணில் படவில்லை. என்னை ஏமாற்றிவிட்டாய் என்பது மட்டும்தான் பட்டது.

உன் அழைப்பு மூன்று முறை வந்தது. எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரே வரி அனுப்பினேன், பார்த்தேன், நன்றி என்று. இரண்டு நாள் அப்படியே. தவறைச் சரிசெய்யும் வேலை மட்டும் நடந்தது. நான் திருத்தி அனுப்புவேன். நீ பார்த்துக் குறிப்பெழுதுவாய். நான் ஆங்கிலத்திலேயே பதிலெழுதுவேன், முன்பின் தெரியாத ஒருத்திக்கு எழுதுவதுபோல. உன் குறிப்புகள் பிந்திப் பிந்தி வந்தன. எழுத்துப் பிழைகள் இருந்தன. ஒரு காற்புள்ளிக்காக என்னிடம் சண்டை போட்டவள் நீ. ஒரு குறிப்பில் ஒரே சொல் இரண்டு முறை வந்தது. இன்னொன்று பாதியில் நின்றது. நான் அதையெல்லாம் கவனித்தேன். கவனித்துவிட்டு, குற்றவுணர்ச்சி போலிருக்கிறது, அதுதான் மனம் ஓடவில்லை என்று நினைத்தேன். உனக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது.

மூன்றாம் நாள் திருத்தம் வெளியானது. அன்று மாலை ஒரு பதில் வந்தது. எங்கோ ஒரு மலைநாட்டில், ஓர் ஆற்றுப்படுகைக்கு மழையும் வெள்ளமும் கணிக்கும் குழு. அறிவிப்பைப் பார்த்த அன்றே அந்த வெளியீட்டை நிறுத்திவிட்டோம், எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம், உடனே சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். மறுபடி ஓட்டியபோது என்ன மாறியது என்று அவர்கள் எழுதவில்லை. நானும் இன்று வரை கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. பதினொரு மாதத்தில் அந்த ஆற்றங்கரையில் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்குமா என்பதை நான் தெரிந்துகொள்ளாமலே இருக்கிறேன். மழை வலுக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வருகிறது.

அதைப் படித்ததும்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ விட்டுப்போன கைபேசியோடு மேல்மாடியில் உட்கார்ந்திருந்த அம்மா எடுத்தார். உன்னை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார். கேம்புக்கு வந்த நாளிலிருந்தே உடம்பு வலி என்றிருந்தாயாம். நனைந்ததுதான் காரணம் என்று அம்மா சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறார். சுகாதாரத் துறையினர் வந்து எல்லோருக்கும் நோய்த்தடுப்புக் குளிகை கொடுத்தார்கள். உனக்கு அது குமட்டி வாந்தி வந்ததால் அடுத்த வேளைக்குச் சாப்பிடவில்லை. அன்று காலை கண்ணெல்லாம் மஞ்சளித்துப் போனதைப் பார்த்துத்தான் பயந்துபோய்த் தூக்கியிருக்கிறார்கள். வழியில் மண் சரிந்து கிடந்தது. சுற்றிக்கொண்டு போனதில் பாதி நாள் போயிற்று. எலிக்காய்ச்சல் என்றார்களாம். சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. அதன்பின் இரண்டு நாள் உயிரோடு இருந்தாய்.

சாலை திறந்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சின்னார் வழியாக வந்த பேருந்தை மறையூரில் நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து ஒரு ஜீப்பில் வந்தேன். வழியெல்லாம் செம்மண் நீர் தேயிலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் மேலே பார்த்தேன், சரிவு அப்படியே இறங்கிவிடுமோ என்று. கொல்லங்கோட்டிலிருந்து பார்க்கும்போது மலை சாதுவாக நிற்கிறது என்று நீ சொன்னது அப்போது விளங்கியது. அம்மா வகுப்பறையில், பெஞ்சுகளை ஒதுக்கிய இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியாம்மா? மழைலயா வந்த?" என்று கேட்டார். அவரிடம் அந்த இரண்டு நாளைச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். சொல்லவில்லை. கேம்பில் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

நேர்காணல் ஒரு மாதம் தள்ளி நடந்தது. அவர்கள் அந்த அறிவிப்பைப் படித்திருந்தார்கள். எதற்காக அத்தனை பயந்தேனோ அது எதுவும் நடக்கவில்லை. ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: தவறு தெரிந்து எவ்வளவு நேரத்தில் வெளியே சொன்னீர்கள்? மறுநாள் காலையே நாங்கள் சொல்லிவிட்டோம் என்றேன். நாங்கள் என்றேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். எனக்கு வேலை கிடைத்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் இப்போது சொல்கிறேன். உன் சொல்லையே எடுத்துக்கொண்டு உனக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தப் பெரிய கணினியைக் காட்டினார்கள். நீ பார்த்திருக்க வேண்டும். நீளமான கூடம், ஆளுயர அலமாரிகள் வரிசை வரிசையாக, காது அடைத்துப்போகும் காற்றுச் சத்தம், குளிர். கூட வந்தவர் பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தார். நான் அலமாரிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். இத்தனை அலமாரிகளுக்குள் நம் நிரல் ஓடுகிறது. நான் எடுத்துவிட்ட ஒரு வரி இத்தனைக்குள்ளும் இல்லாமல் போயிருந்தது. நிரல் வெறும் எழுத்தாக இருந்த வரை எனக்கு அதன் கனம் தெரியவில்லை. உனக்கு ரிசார்ட் மேசையில் உட்கார்ந்தே தெரிந்திருந்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மாதத்தில் ஒரு வாரம் பெங்களூரு. மற்ற நாள் அப்பாவோடு இங்கே. நம் நிரலுக்கு நான் ஒருத்திதான் இருந்தேன். நான் எழுதுவதை நானே பார்த்து நானே சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் வெளியிட்ட பிறகு நாலு நாள் மடல் பெட்டியைத் திறக்கவே பயம். சென்ற வாரம், நான் பயந்த அதே மடல் வந்துவிட்டது. வேறு ஆள், வேறு நாடு. ஓட்டிய கணக்கின் விடை பொருந்தவில்லை. இந்த முறை அந்த மாற்றத்தை இரண்டாவது ஆள் யாருமே பார்த்திருக்கவில்லை.

என் மேலதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனிதர். அவசரம் வேண்டாம், உறுதி செய்துகொண்டு சொல்லலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்றார். அவர் குரலில் நான் என் குரலைக் கேட்டேன். சரி என்றுகூடச் சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகு உட்கார முடியவில்லை. அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். அப்பா பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது?" என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்து எழுதினேன். இன்ன வெளியீட்டில் தவறு இருக்கலாம், எனக்கு இன்னும் உறுதியில்லை, உறுதியாகும்வரை ஓட்டாதீர்கள். மாற்றத்தைச் செய்தது நான், வேறு யாரும் பார்க்கவில்லை, பார்க்க ஆள் இல்லை என்றும் எழுதினேன். மடல் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அனுப்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

தவறு உண்மையாகவே இருந்தது. அரிதான ஒரு பிரிப்பில் மட்டும். அதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. அறிவிப்பைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினிகளைப் பராமரிப்பவர், இன்னொருத்தி மாணவி. மூன்று ஆண்டாக இந்த நிரலைப் பயன்படுத்துகிறோம், ஆள் வேண்டுமா என்று கேட்கத் தயக்கமாக இருந்தது என்று அந்த மாணவி எழுதினாள். நாலாம் நாள் திருத்தம் வெளியானது. இருவரையும் இருக்கும்படி கேட்டுக்கொண்டேன். இருக்கிறோம் என்றார்கள். இனி நான் எழுதுவதை அவர்களில் ஒருவர் பார்க்காமல் சேர்க்க முடியாதபடி பூட்டிவிட்டேன். மேலதிகாரி ஒரு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு சரியாகிவிட்டார்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பயம் பாக்கி இருந்தது. இன்று பகல் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். மழை வலுத்தால் நான் கூப்பிடுவது உண்டு. வழக்கம்போல் லயம், முழங்கால், ரேஷன் எல்லாம் பேசினார். இந்த ஆண்டு இதுவரை கேம்புக்குப் போகச் சொல்லவில்லை என்றார். பிறகு நான் சொன்னேன். மூன்று ஆண்டாக வாயில் வைத்திருந்த சொற்கள். வரிசை குலைந்து வந்தன. அம்மா, அவளுக்குக் காய்ச்சலாக இருந்த அந்த ரெண்டு நாளும் நான் அவளிடம் பேசவில்லை. அவள் கூப்பிட்டாள்; நான் எடுக்கவில்லை. கோபம். எடுத்திருந்தால் அவள் குரலிலேயே தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருப்பேன்.

இனி அவர் என்னோடு பேச மாட்டார் என்று நினைத்தேன்.

"என்னம்மா சொல்லுத நீ?" என்றார். "ரெண்டு நாளும் நீ கூப்புட்டன்னுல்ல சொன்னா. மாடிக்குப் போயிப் போயி வருவா. என்ன பேசுனீங்கன்னு கேட்டேன். கொல்லங்கோட்டுல மழ கொறஞ்சிருச்சாம், அவங்கப்பா நல்லாருக்காராம், என்னையும் விசாரிச்சாளாம்னு சொன்னா. அதக் கேட்டுட்டுத்தான நான் கொஞ்சம் நிம்மதியாப் படுத்தேன்."

அம்மா என்று மட்டும் சொன்னேன். அவரே, "சரி, சரி. மழைல நனையாத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முகம் தெரியாத மனிதர்களிடம் ஓர் உண்மையை ஒரு நாள் மறைத்துவைக்க உன்னால் முடியவில்லை. அந்த இரண்டு நாளும் மேல்மாடி வராந்தாவில் காய்ச்சலோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கீழே போய், நான் உன்னோடு பேசியதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நான் கேட்க மறந்ததையெல்லாம் நான் கேட்டதாகவே சொல்லியிருக்கிறாய்.